மூணு மாடிக்கும் ஒரே வைஃபை: பழைய ரவுட்டரை வெச்சு நான் செஞ்ச வழி

எங்க வீடு ஈரோட்டுலங்க. கீழ நாங்க, முதல் மாடியில அண்ணன் குடும்பம், அதுக்கும் மேல ஒத்த ரூம். அதுதான் என் ஆபீஸ். நெட் வர்றது கீழ டிவி ஸ்டாண்டுக்கு. நடுவுல கம்பி கட்டின கான்கிரீட் தளம் ரெண்டு. வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலை என் ரூமுக்கு வந்து சேர்றதே இல்ல; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத் தடுமாறி ஒரு கோடு காட்டும்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற பொட்டி) வாங்காதீங்க, வாங்கி ஏமாந்தவன் சொல்றேன். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாப் போயிரும். மெஷ் (ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற ரவுட்டர் செட்) நல்லதுதான், ஆனா ஒயர் இல்லாம தளத்தைத் தாண்டணும்னா அதுவும் திணறும். பரண்ல கிடக்கிற பழைய ரவுட்டரும் ஒரு கேபிளும் போதும்.

1. கேபிள்: கேட் 6, முழுச் செம்பு. செம்பு பூசின அலுமினியம் விலை கம்மி, ஆனா சீக்கிரம் ஒடியும். ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் ஒயர் போற பைப்புல விடாதீங்க. எங்க வீட்டுல பழைய கேபிள் டிவி பைப் சும்மா கிடந்துச்சு. கேபிள் முனையில ப்ளக் வெச்சு கிரிம்ப் பண்ணினதும் டெஸ்டர்ல எட்டு விளக்கும் எரியுதான்னு பாருங்க. ஒரு கம்பி விட்டாலும் நெட் வரலாம், ஆனா 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல ஏறாது.

2. கீழ் ரவுட்டர்: அதோட ஐபி, அதாவது நெட்வொர்க்குல அதோட முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. டிஎச்சிபி (ஒவ்வொரு போனுக்கும் தானா முகவரி குடுக்கற வேலை) பக்கத்துல எந்த எண்ல இருந்து முகவரி குடுக்குதுன்னு பாருங்க. எங்களுது 2-ல இருந்தே குடுத்துச்சு. பழைய ரவுட்டருக்கு 2 காலியா வேணும்கிறதால அதை 20-ன்னு மாத்திட்டேன்.

3. பழைய ரவுட்டர்: நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ரெண்டு ரவுட்டரையும் அப்படியே இணைச்சுட்டு, வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்கப் போயிட்டேன். பொழுதோட எங்க நங்கையா (அண்ணி) கூப்பிட்டு, "ஏந்தம்பி, வைஃபை இருக்குதுங்குது, வாட்ஸப் போகமாட்டேங்குதே?"ன்னாங்க. என் போன்ல நல்லா வருது, அவங்க போன்ல வரல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மாறி மாறி வருது. ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. காரணம், ரெண்டு ரவுட்டருமே டிஎச்சிபி நடத்துச்சு. எது முந்திக்கிட்டு பதில் சொல்லுதோ அதுகிட்ட போன் முகவரி வாங்கிக்கும். பழைய ரவுட்டர்கிட்ட வாங்கின போன், நெட்டே இல்லாத அதுகிட்டயே நெட்டுக் கேட்டு நிக்குது. போதாததுக்கு ரெண்டோட ஐபியும் 192.168.1.1!

சரியான வரிசை இது: பழையதை ரீசெட் பண்ணி லேப்டாப்புல மட்டும் மாட்டுங்க. முதல்ல அதோட ஐபியை 192.168.1.2-ன்னு மாத்துங்க. இணைப்பு அறுந்து வரும். புது முகவரியில உள்ள போயி அப்புறமா டிஎச்சிபியை நிறுத்துங்க. முந்தியே நிறுத்தினா லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காம வெளியவே நின்னுக்குவீங்க.

4. கீழ இருந்து வர்ற கேபிளை பழைய ரவுட்டரோட லேன் (LAN) ஓட்டையில குத்துங்க. வேன் (WAN) ஓட்டை, அதாவது வெளி நெட் லைனுக்குன்னு இருக்கிறது, காலியாவே இருக்கட்டும். அதுல குத்தினா மாடி தனி நெட்வொர்க் ஆயிரும், மேல இருந்து கீழ் பிரிண்டர் தெரியாது.

5. பேரு, பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூணும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். 2.4-ல சேனல் மட்டும் வேற: கீழ 1, மேல 6, மூணாவது வெச்சா 11.

பின்சேர்க்கை: "மேல போனாலும் போன் கீழ் ரவுட்டரையே புடிச்சுத் தொங்குது"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. எப்ப மாறணும்னு முடிவு பண்றது போன்தான். கீழ் ரவுட்டரோட சிக்னல் பவரை நடுத்தரத்துக்குக் குறைங்க, சீக்கிரம் விட்டுடும்.

இன்னொண்ணு: உங்க ரவுட்டர்ல 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' இருந்தா மூணாவது படியை அதுவே பண்ணிக்கும். என்னோடது கிழடு, அந்த வசதி இல்ல.

அப்புறம், மாடி ரவுட்டரை எந்த ப்ளக்ல மாட்டறீங்கன்னு பாருங்க. என்னோடது இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. கரண்ட் போனா கீழ எல்லாரும் சீரியல் பார்ப்பாங்க, நான் மட்டும் மீட்டிங்ல இருந்து காணாமப் போவேன். எலக்ட்ரீசியன் அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்காருங்க.