சின்ன டிராக்டரில் ஸ்னோப்ளோயர்: முதல் முறை ஓட்டுபவர்களுக்கு

கனடாவின் பேரி நகரத்துக்கு வெளியே எங்கள் வீடு. ஜார்ஜியன் வளைகுடாவைக் கடந்து வரும் குளிர்காற்று, வழியில் உறிஞ்சிய ஈரத்தையெல்லாம் இங்கேதான் பனியாகக் கொட்டும். வாசலிலிருந்து சாலை வரை 80 மீட்டர் ஜல்லிப் பாதை. தள்ளிக்கொண்டே நடக்கிற இயந்திரத்தோடு இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டிவிட்டு, 25 குதிரைத்திறன் டிராக்டரின் முன்னால், பனியை உள்ளிழுத்துத் தூர வீசும் ஸ்னோப்ளோயரை மாட்டினேன்.

முதல் வேலை பனி விழுவதற்கு முன்பே. தரை இறுகினால் குச்சி இறங்காது, அதனால் பனி மூடினாலும் பாதை தெரிய, நவம்பரிலேயே அதன் இரு ஓரத்திலும் குச்சிகளை நட்டுவிடுங்கள். பாதையில் ஒருமுறை நடந்து கல், தண்ணீர்க் குழாய், மிதியடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். எனக்கு முதல் ஷியர் போல்ட் உடைந்தது கல்லால் அல்ல, பனிக்கடியில் உறைந்து கிடந்த ஒரு செய்தித்தாள் சுருளால்! எதிலாவது சிக்கினால் தான் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பதுதான் அந்த போல்ட்டின் வேலை. அதனிடத்தில் கடையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். அதே ரக போல்ட் நாலைந்தைக் கைவசம் வைத்திருங்கள்.

அடுத்தது உயரம். ப்ளோயரின் கீழ் விளிம்புக்கு அடியில் ஓர் அங்குலப் பலகையை வைத்து இறக்குங்கள். இருபக்கச் சறுக்குக் கட்டைகளின் போல்ட்டைத் தளர்த்தி, அவை தரையைத் தொட்டதும் இறுக்குங்கள். ஜல்லிப் பாதைக்கு இந்த இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பனியோடு ஜல்லியும் பறக்கும். முன்பக்கம் இவ்வளவு எடை இருப்பதால் பின்சக்கரங்களுக்குச் சங்கிலியும், பின்னால் எடைப்பெட்டியும் அவசியம்.

சரி, பனி விழுந்துவிட்டது. இன்ஜினைப் பத்து நிமிடம் சூடாக விடுங்கள், ஹைட்ராலிக் எண்ணெய் இளகட்டும். பனியைத் துப்பும் குழாயைக் காற்று போகிற பக்கம் திருப்புங்கள். மறந்தால் மொத்தப் பனியும் உங்கள் முகத்துக்குத்தான். இன்ஜின் மெதுவாக ஓடும்போதே பி.டி.ஓ.வைப் (இன்ஜின் சக்தியை ப்ளோயருக்குக் கொடுக்கும் இணைப்பு) போடுங்கள், அப்புறம் மீட்டரில் பி.டி.ஓ. குறி இருக்கும் இடம் வரை இன்ஜின் வேகத்தை ஏற்றுங்கள். ப்ளோயரை இறக்கி, தரையின் மேடுபள்ளத்தோடு அது தானே ஏறி இறங்கும்படி லீவரை ஃப்ளோட்டில் விட்டு, டிராக்டரை நகர்த்தும் பெடலை மெல்ல மிதியுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பனி அதிகமானால் பயந்து இன்ஜின் வேகத்தைக் குறைப்பார்கள். உள்ளே விசிறியும் சேர்ந்து தளரும், பனி குழாயில் ஏற முடியாமல் அடைத்துக்கொள்ளும். கரும்பு ஜூஸ் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் நாலு கரும்பைத் திணித்தால் என்ன ஆகும்? குறைக்க வேண்டியது டிராக்டர் நகரும் வேகத்தை. இன்ஜின் முனகினால் பெடலை விடுங்கள், சத்தம் தெளிந்ததும் மறுபடி மிதியுங்கள். ஈரப் பனி என்றால் பாதி அகலம் மட்டும் எடுங்கள்.

சாலை முனையில் நகராட்சி வண்டி ஒதுக்கிவிட்டுப் போன மேடு இருக்கும். அது பனியல்ல, கட்டிகள். அதையும் பாதி அகலமாக, ஆமை வேகத்தில் கடியுங்கள். குழாயை உங்கள் நிலத்துப் பக்கமே வைத்திருங்கள். அனுமதியில்லாமல் சாலையில் பனியைக் கொட்டுவது எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டப்படி குற்றம்.

எப்படியும் ஒருநாள் அடைக்கும். பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். சுழற்சி முழுதும் நின்ற பிறகு கட்டையால் குத்தி எடுங்கள். கை, கையுறை போட்ட கையாக இருந்தாலும், உள்ளே போகவே கூடாது. இருக்கையை விட்டு எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு. அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் காலியாக ஓட்டி மிச்சப் பனியை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் காலையில் விசிறி உள்ளேயே உறைந்திருக்கும். கடைசியாக, ப்ளோயரைத் தரையில் விடாமல் அந்தப் பலகை மேலேயே இறக்கி வையுங்கள். ஈரத் தரையோடு ஒட்டி உறைந்த ப்ளோயரைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது.