பத்தாயிரம் லுமென், பத்து மணி நேரம்: ரோச் லைற் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு என் மேசைக்கு ரோச் லைற்றுகள் வரத் தொடங்கிவிடும். பலவற்றில் திருத்துவதற்குப் பழுது எதுவும் இருக்காது. பெட்டியில் எழுதியிருப்பதைச் செய்யவில்லை என்பதுதான் முறைப்பாடு. அதை அந்த லைற் ஒருநாளும் செய்யப்போவதில்லை.

பற்றரியைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் தாமே திருந்திக்கொள்வார். இலக்கங்களை நம்புவது அப்படியல்ல. வாங்கி ஏமாந்தவரே அடுத்த தடவை இன்னும் பெரிய இலக்கத்தைத் தேடிப் போகிறார்.

இலக்கங்களைத் தனித்தனியாக வாசிப்பது

பாசையூரில் நண்டு வலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் மூன்று வரிகள் இருந்தன: 10,000 லுமென், 10 மணி நேரம், 9,900 மில்லியம்பியர் மணி. லுமென் வெளிச்சத்தின் அளவு; மில்லியம்பியர் மணி பற்றரியின் கொள்ளளவு. ஒவ்வொன்றாக வாசித்தால் மனம் குளிரும். சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

நல்ல எல்.ஈ.டி ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 லுமென் வரை தரும். 125 என்று வைத்தாலும் 10,000 லுமெனுக்கு 80 வாற்று வேண்டும்; பத்து மணி நேரத்துக்கு 800 வாற்று மணி. உள்ளே இருப்பதோ ஒரேயொரு 18650 செல். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட அந்த உருளையில் நல்ல தயாரிப்பே 3,500 மில்லியம்பியர் மணி அளவில்தான் நிற்கும். அதை 3.6 வோல்ற்றால் பெருக்கினால் 12.6 வாற்று மணி. எண்பது வாற்றை அது பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் கை வெந்துவிடும். பெட்டி சொல்வதை நம்பினால் அறுபதுக்கு மேற்பட்ட செல்களைச் சுமந்துகொண்டல்லவா கடலுக்குப் போக வேண்டும்!

“அண்ணை, 9,900 என்று செல்லிலேயே அடித்திருக்கிறார்களே?” என்று கேட்டார்.

“அடிப்பதற்கு மை போதும் தம்பி” என்றேன்.

கன்னாதிட்டிப் பக்கம் நகைக்கடையில் தெரிந்தவர்கள் இருந்தால் அந்தச் செல்லைத் தராசில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்கான 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை நிற்கும். 30 கிராம்தான் என்றால் மேலே எழுதியிருப்பதை மறந்துவிடலாம். பாரம் சரியாக இருப்பதாலேயே நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். உள்ளே தூள் நிரப்பியவையும் உண்டு. பழைய மடிக்கணினியில் கழற்றியெடுத்துப் புது உறை போட்டவையும் உண்டு.

காசு போனால் போகட்டும். இந்தச் செல்லைக் கண்ட கண்ட சார்ஜரில் சொருகி, இரவு முழுக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லிதியம் செல் சூடேறித் தீப்பிடித்தால் எளிதில் அணையாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரிக்கு அலைந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஒரு பற்றரி எத்தனை இரவுக்கு வரும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் 9,900ஐ நம்புகிறார்கள்.

நேர்மையான பெட்டியையும் அவசரமாக வாசிப்பது

தரமான தயாரிப்புகளில் ‘அன்சி எஃப்.எல்.1’ என்ற குறிப்பு இருக்கும். 2009இல் அமெரிக்காவில் வந்த அளவீட்டு முறை அது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சம் தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரத்தையே ஓடும் நேரமாக எழுதுவார்கள். ‘1,000 லுமென், 8 மணி நேரம்’ என்றால் எட்டாவது மணியில் மிஞ்சுவது 100 லுமென். தொடக்க அளவையும், போட்டு அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள். சூடேறியபின் லைற் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் அது பழுது அல்ல.

“1,000 மீற்றர் பாயும்”

இதே முறைப்படி, பாயும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) குறையும் இடம். பௌர்ணமி நிலவு வெளிச்சமளவு. அங்கே ஓர் உருவம் நிற்பது தெரியலாம், ஆள் யாரென்று தெரியாது. 1,000 மீற்றருக்கு 2,50,000 கண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) வேண்டும். தூரம் இரட்டிக்க வேண்டுமானால் கண்டெலா நான்கு மடங்காக வேண்டும். பெட்டியில் கண்டெலா எழுதியிருக்காவிட்டால் தூரத்தை வாசிக்கவே வேண்டாம்.

“டி6”

இது க்ரீ என்ற எல்.ஈ.டி நிறுவனத்தின் எக்ஸ்.எம்-எல் என்ற எல்.ஈ.டியின் ஒளிர்வுப் பிரிவைக் குறிக்கும் குறியீடு. அந்த எல்.ஈ.டிக்கு அதைத் தயாரித்தவர்களே சொன்னது 10 வாற்றில் 1,000 லுமென்.

“இராணுவத் தரம்”

எந்தச் சோதனை என்று கேளுங்கள். பதில் வராது.

“தண்ணீர் புகாது”

ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்த்தடைக் குறியீடு இருந்தால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நன்னீரில். நம் கடல்நீரேரியின் உப்பு அந்தக் கணக்கில் இல்லை. கடலால் வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் தடவுங்கள். வசலின் பூச வேண்டாம். சில வளையங்கள் அதில் ஊதிவிடும்.