பழைய கேரவனில் ஒழுகல் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர்
பழைய கேரவனைக் குடியிருக்க மாற்றுகிறவர்கள் உள்ளே பிளைவுட் அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள். கதவு, ஜன்னல், வென்ட் எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைத்து, ஒரு ஜன்னல் வழியாக மட்டும் புளோவரால் காற்றை உள்ளே ஊதுங்கள். வெளியே தகடு இணைப்பு, ரிவெட், கூரை ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தால் எங்கோ நுழைந்து எங்கோ சொட்டும். குமிழி அப்படி ஏமாற்றாது. அந்த இடங்களைத் துடைத்து மார்க்கரால் வட்டமிட்டுவிட்டால், கரூரிலோ நாமக்கல்லிலோ பாடி கட்டும் பட்டறைக்கு விடும்போது முழுக் கூரைக்கும் காசு அழ வேண்டாம்.

கேன்வாஸ் கூரைக்கு இது ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் சோப்பு உடனே காய்ந்துவிடும், விடியற்காலையில் பாருங்கள். பலகை ஏற்கெனவே ஊறி உளுத்திருந்தால், அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.