எட்டுப் பேருக்கு ஒரு பண்டிகை சீஸ் போர்டு: முதன்முறை அடுக்குபவர்களுக்கு

சில வகைச் சீஸையும் அவற்றோடு சேரும் பழம், கொட்டைகளையும் ஒரே பலகையில் அடுக்கி வைப்பதுதான் சீஸ் போர்டு. இதற்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். அப்படியும் சொதப்புகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: ஒரே மாதிரி ருசிக்கும் சீஸ்களை வாங்கிக் குவிப்பது, அவற்றை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மேசைக்குக் கொண்டுபோவது. கீழே உள்ள அளவுகள், சாப்பாட்டுக்கு முன் எட்டுப் பேர் கொறிப்பதற்கு.

1. சீஸ் வாங்குதல்

நான்கு வகை போதும். ஏழெட்டு வாங்கினால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது.

- மென்மையானது: பிரீ அல்லது காமம்பேர், 170 கிராம்
- நடுத்தரம்: நன்கு பழுத்த (பல மாதம் வைத்து முதிரவிட்ட) கௌடா, 170 கிராம்
- கெட்டியானது: ஒரு வருடமாவது பழுத்த செடார் அல்லது பார்மிஜானோ, 170 கிராம்
- நீலச் சீஸ் (உள்ளே நீலப் பூஞ்சை படர்ந்தது): ஸ்டில்டன் அல்லது இனிப்புக் கோர்கன்சோலா, 100 கிராம்

ஆக, தலைக்குச் சுமார் 75 கிராம். சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாறினால் 40–50 கிராமே தாராளம். நீலச் சீஸில் உப்பும் காரமும் தூக்கல் என்பதால்தான் அளவைக் குறைத்திருக்கிறோம். ரோக்ஃபோர் என்ற நீலச் சீஸ் இவை இரண்டையும்விடக் கடுமை. முதல் தடவைக்கு வேண்டாம். கிரான்பெர்ரி, பூண்டு என்று ஏதாவது கலந்து விற்கும் சீஸையும் தவிர்த்துவிடுங்கள். அதனோடு வேறு எதைச் சேர்த்தாலும் இடிக்கும்.

வருகிறவர்களில் சைவர்கள் இருந்தால் லேபிளைப் படியுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜியானோவில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி. கர்ப்பிணிகளுக்குப் பிரீ, காமம்பேர், நீலச் சீஸ் மூன்றும் ஆகாது; லிஸ்டீரியா கிருமி வளர வாய்ப்புள்ளவை இவை. அவர்களுக்குச் செடாரைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கித் தனித் தட்டில் வைத்துவிடலாம்.

2. ஜோடி சேர்த்தல்

உப்புக்கு இனிப்பு, கொழுப்புக்குப் புளிப்பு, மென்மைக்கு மொறுமொறுப்பு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பிரீயில் வெண்ணெய்த்தனம் அதிகம். ராஸ்பெர்ரி ஜாமின் புளிப்பும் பச்சை ஆப்பிளின் மொறுமொறுப்பும் அதைச் சமன்படுத்தும். பழுத்த கௌடாவில் இயல்பாகவே லேசான கேரமல் வாசம் இருக்கும். அதற்கு வறுத்த பாதாமும் பேரீச்சையும். செடாருக்கு ஆப்பிள், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம். நீலச் சீஸுக்குத் தேன், வால்நட், பேரிக்காய். ஒரு கிராக்கரில் (மொறுமொறுப்பான மெல்லிய பிஸ்கட்) கடலைப் பருமன் நீலச் சீஸை வைத்து, மேலே இரண்டு சொட்டுத் தேன் விட்டு, அரை வால்நட்டை அழுத்திப் பாருங்கள். உப்பின் உக்கிரம் அடங்கி, பின்னாலிருக்கும் பால் ருசி மேலே வரும். நீலச் சீஸ் பிடிக்காது என்பவர்களிடம் முதலில் நீட்ட வேண்டியது இதைத்தான்.

வாங்க வேண்டியவை: திராட்சை 300 கிராம், ஆப்பிள் 2, பேரிக்காய் 1, பேரீச்சை 10, பாதாமும் வால்நட்டும் சேர்த்து 150 கிராம், ஜாமும் தேனும் தலா 4 மேசைக்கரண்டி, சின்ன வெங்காய ஊறுகாய் ஒரு சிறு கிண்ணம், கிராக்கர் 50, நீள ரொட்டி 1. மசாலா தூவாத, உப்புக் குறைந்த கிராக்கராக இருக்கட்டும். ஆரஞ்சும் அன்னாசியும் சாறு விட்டுப் பலகையையே நனைத்துவிடும்.

3. வெட்டுதல்

சீஸ் குளிர்ச்சியாக இருக்கும்போதே வெட்டுங்கள். இளகிய பிரீ கத்தியோடு இழுபடும். வட்டமான சீஸை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முக்கோணங்களாக வெட்டினால் ஒவ்வொருவருக்கும் உள்சதையும் கிடைக்கும், வெள்ளைத் தோலும் கிடைக்கும். அந்தத் தோலைச் சாப்பிடலாம். கௌடாவின் மெழுகுத் தோலை உரித்துவிட வேண்டும். செடாரில் பாதியை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, மீதியைக் கட்டியாகவே விடுங்கள். பார்மிஜானோவைக் கத்திமுனையால் குத்திப் பிளந்தால் போதும். கடிக்கும்போது நறநறவென்று தட்டுப்படுவது உப்பு அல்ல, பழுக்கும்போது உண்டாகும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம்.

4. குளிர் விடுவது

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிரில் கொழுப்பு இறுகி வாசனையை வெளியே விடாது. நல்ல பிரீகூட ரப்பராகத்தான் தெரியும். பரிமாறுவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் மூடி வையுங்கள். அறை சூடாக இருந்தால் அரை மணி போதும். செடாரின் மேல் எண்ணெய் முத்து முத்தாகத் துளிர்த்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

5. அடுக்குதல்

சுமார் 45 × 30 சென்டிமீட்டர் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு சீஸையும் நான்கு மூலையில் வையுங்கள். அடுத்து ஜாம், தேன், ஊறுகாய்க் கிண்ணங்கள், அந்தந்த ஜோடிக்குப் பக்கத்தில். பிறகு திராட்சைக் கொத்துகள். இடைவெளிகளைக் கடைசியாகப் பருப்பும் பேரீச்சையும் நிரப்பும். ஆப்பிளையும் பேரிக்காயையும் கடைசி நேரத்தில் நறுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கித் துடைத்து வைத்தால் உடனே கறுக்காது. கிராக்கரைப் பழத்தை ஒட்டி வைத்தால் பத்து நிமிடத்திலேயே நமத்துவிடும். பாதியைத் தனித் தட்டில் வைத்து அவ்வப்போது நிரப்புங்கள்.

ஒவ்வொரு சீஸுக்கும் தனிக் கத்தி வேண்டும். நீலச் சீஸ் பட்ட கத்தி பிரீயில் பட்டால் பிரீயும் நீலச் சீஸாகத்தான் ருசிக்கும். முழுப் பிரீ வைத்தால் முதல் துண்டை நீங்களே வெட்டி எடுத்துவிடுங்கள். முழுசாக இருப்பதில் கை வைக்க விருந்தாளிகள் தயங்குவார்கள்.

6. மிஞ்சியது

மென்மையான சீஸ் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் எடுத்து வைக்காதீர்கள். மற்றதைப் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். நீலச் சீஸுக்குத் தனி டப்பா; இல்லாவிட்டால் அதன் பூஞ்சையும் வாடையும் மற்றவற்றுக்குத் தாவும். பிரீயை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். பார்மிஜானோவின் கெட்டித் தோலைச் சூப் கொதிக்கும்போது போட்டு, இறக்கும்போது எடுத்துவிடலாம்.