கடற்காற்றில் ஈயமில்லாப் பெரோவ்ஸ்கைட் நானோ படிகம் செய்வது எப்படி

பெரோவ்ஸ்கைட் நானோ படிகம் என்பது குறிப்பிட்ட படிக அமைப்பு கொண்ட, ஒளிரும் மிகச் சிறிய துகள். வழக்கமாக அதில் ஈயம் இருக்கும்; இங்கே அதற்குப் பதில் பிஸ்மத் என்ற உலோகம். அதற்கான பிஸ்மத் புரோமைடு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். வடசென்னைக் கடலோரத்தில் ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்துக் காற்றில் அந்த மஞ்சள் தூள் சீக்கிரமே ஈரத்தை இழுத்து வெளுத்துவிடும். வெளுத்தது பிஸ்மத் ஆக்சிபுரோமைடு; கூடவே ஹைட்ரஜன் புரோமைடும் கிளம்பும். பிறகு எவ்வளவு கவனமாகக் கலக்கினாலும் விகிதம் தப்பியது தப்பியதுதான். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் க்ளோவ் பாக்ஸ் (வெளிக்காற்று புகாத, கையுறை பொருத்திய பெட்டி) இல்லாமல் எடை போட வேண்டாம். மற்ற மாதங்களில் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரிலிருந்து (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) எடுத்து, சில நிமிடங்களுக்குள் எடை போட்டுக் கரைப்பானுக்குள் போட்டுவிட வேண்டும்.

ஈயத்துக்குப் பதில் பிஸ்மத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ஈயத்துக்கு இன்னொரு மாற்றான வெள்ளீயம் காற்றில் இரண்டு நேர்மின் நிலையிலிருந்து நான்குக்குத் தாவிவிடும். பிஸ்மத் மூன்று நேர்மின் நிலையில் உறுதியாக நிற்கும். அதன் எலக்ட்ரான் அமைப்பும் ஈய அயனியுடையதேதான். மின்னூட்டம் ஒன்று கூடுதல் என்பதால் மூன்று ஈயத்தின் இடத்தில் இரண்டு பிஸ்மத் உட்கார, ஓர் இடம் காலியாகிறது. இப்படிக் கிடைக்கும் அடுக்கடுக்கான பொருள் மூன்று சீசியம், இரண்டு பிஸ்மத், ஒன்பது புரோமின் கொண்டது.

சீசியம் புரோமைடு 63.8 மில்லிகிராம், பிஸ்மத் புரோமைடு 89.7 மில்லிகிராம். மோல் கணக்கில் இது சரியாக 3க்கு 2. நீர் நீக்கிய டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான்) 3 மில்லிலிட்டரில் இரண்டையும் போட்டு, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். ஏசி அறையில் டிஎம்எஸ்ஓ பாட்டில் கட்டியாகியிருந்தால் பயப்பட வேண்டாம், அதன் உறைநிலையே 18.5 டிகிரிதான். கரைசல் தெளிந்ததும், படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிப் பூச்சாகும் ஒலைல் அமைன் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, 0.2 மைக்ரான் டெஃப்ளான் வடிகட்டியில் வடியுங்கள். செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டி வேண்டாம், டிஎம்எஸ்ஓவில் கரைந்துவிடும்.

இன்னொரு குடுவையில் உலர்ந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 5 மில்லிலிட்டர், ஒலியிக் அமிலம் 0.5 மில்லிலிட்டர். ஆல்கஹாலில் உப்புகள் சரியாகக் கரையாததால் இங்கேதான் படிகமாகும்; ஒலியிக் அமிலமும் மேற்பூச்சுதான். கோடையில் அறையே 34 டிகிரி இருக்கும். ஒரு தடவை செய்ததை அடுத்த தடவையோடு ஒப்பிட வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வேகமாகக் கலக்கிக்கொண்டே முதல் கரைசலில் 0.25 மில்லிலிட்டரை ஒரே தள்ளலாகச் செலுத்துங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் சொட்டில் பிறந்த படிகங்கள் அடுத்தடுத்த சொட்டுகளைத் தின்று பெருத்துவிடும். பால் போலக் கலங்கினால் உப்பு (இரண்டு புரோமைடுகளும்) அதிகம், பாதியாகக் குறையுங்கள். பிறகு 8000 ஆர்பிஎம்மில் 5 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் கரைசலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; நானோ படிகம் அதில்தான் இருக்கும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரிலும் கவனம் தேவை. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியிருப்பது தெரிந்ததே. அந்தப் போர் தண்ணீரில் அலசிய குடுவையில் குளோரைடு ஒட்டியிருந்தால் அது படிகத்துக்குள் புகுந்து, படிகம் விடும் ஒளியின் அலைநீளம் குறைந்துவிடும். கடைசி அலசல் அயனி நீக்கிய நீரிலேயே இருக்கட்டும். 120 டிகிரி ஓவனில் காய வையுங்கள்.

ஒளிர்கிறதா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தப் படிகம் ஒளிர்வது 410 நானோமீட்டர் அருகில். பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதன் வெளிச்சமே படிகத்தின் ஒளியை மூடிவிடும். 365 நானோமீட்டர் டார்ச், அதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தியது, தேவை. உப்பே சேர்க்காமல் ஒலியிக் அமிலமும் ஒலைல் அமைனும் மட்டும் போட்ட குடுவை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பழைய ஒலைல் அமைன் தானே நீலமாக ஒளிரும். அதைப் படிகம் என்று நம்பி வாரக்கணக்கில் அலைய நேரும்.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படத்தில் 27.1, 31.6 டிகிரிகளில் உச்சங்கள் வர வேண்டும். ஆனால் 31.6ஐ மட்டும் நம்பாதீர்கள், ஆக்சிபுரோமைடின் உச்சமும் அங்கேயே விழும். அது இருக்கிறதா என்று 10.9, 25.2 டிகிரிகளில் தேடுங்கள். 29.4ல் உச்சம் தெரிந்தால் சீசியம் புரோமைடு மிச்சம் நிற்கிறது.

எவ்வளவு ஒளி எதிர்பார்க்கலாம்? 2017இல் வெளியான ஆய்வில் மேற்பூச்சு இல்லாத படிகத்தின் குவாண்டம் திறன் (உள்வாங்கும் ஒளியில் திரும்ப ஒளியாக வரும் பங்கு) 0.2 சதவீதம், ஒலியிக் அமிலம் பூசியபின் 4.5 சதவீதம். 2018இல் வேறொரு குழு 19.4 சதவீதம் வரை எட்டியது. ஈயப் படிகங்கள் 90ஐத் தாண்டும், இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் படிகம் உருவான பிறகு மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சிபுரோமைடு அதைத் தண்ணீரிலிருந்து காக்கிறது. எடை போடும்போது கெடுத்த அதே ஈரம் இங்கே கவசமாகிவிடுகிறது.

டிஎம்எஸ்ஓ தோல் வழியாக மற்றப் பொருட்களையும் உள்ளே கூட்டிச் செல்லும். நைட்ரைல் கையுறை கட்டாயம், நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஈயம் இல்லை என்பதற்காகக் கழிவைச் சிங்க்கில் கொட்டக் கூடாது. பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும் ஏற்கெனவே படும் பாடு போதும். மூடிய ஜாடியில் ஹாலைடு கழிவு என்று எழுதி, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.