புது பாக்ஸ், பழைய டிவி: படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்த கதை

எங்கள் ஏரியாவில் கேபிள் லைன் பார்க்கிறேன். புது எச்டி பாக்ஸ் மாற்றப் போன முதல் நாளே, ஒரு பாட்டி வீட்டு டியூப் டிவியில் படமே வரவில்லை. ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைச்சல் மட்டும். சிக்னல் சரி, பாக்ஸும் ஆக்டிவேட் ஆகியிருந்தது. "பழசையே மாட்டிடு தம்பி" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்த பாக்ஸில், படமும் ஒலியும் வெளியே போகும் மூன்று ஏவி துளைகளுக்குப் பதில், ஹெட்போன் துளை மாதிரி ஒரே 3.5 மி.மீ. ஜாக். கையிலிருந்த வேறொரு ஏவி ஒயரை மாட்டியிருந்தேன். ஒயருக்கு ஒயர் உள்ளே இணைப்பு வரிசை மாறும். வீடியோ சிக்னல் ஆடியோ துளைக்குள் போனால் இப்படித்தான் இரையும். டிவியில் மஞ்சள் துளை படத்துக்கு, சிவப்பு ஒலிக்கு. சிவப்புப் பின்னை மஞ்சள் துளையிலும் மஞ்சளைச் சிவப்பிலும் மாற்றிச் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது, பாட்டி முகமும்தான்! இப்போதெல்லாம் பாக்ஸோடு வரும் ஒயரைத்தான் மாட்டுகிறேன்.