பழைய டிவியில் ஃப்ரீ டிஷ்: என் அனுபவம்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பழைய வண்ணத் தொலைக்காட்சியின் பின்புறம் ஆண்டெனாத் துளையைத் தவிர வேறெதுவும் கிடையாது என்பதால், தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை நேராகச் செருக வழியில்லாமல், இடையில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்னும், படத்தையும் ஒலியையும் ஆண்டெனா அலையாக மாற்றித் தரும் சிறு கருவியை வைத்து இணைத்தேன்.

டிஷ் பொருத்துவதில் சிரமமில்லை. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், அதாவது எங்களுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிறது. கேரள எல்லை மலையோ எங்களுக்கு மேற்கே இருப்பதால் மறைக்கவில்லை. டிடி தமிழும் டிடி மலையாளமும் மாதக் கட்டணமின்றிக் கிடைப்பது எல்லையூர்க்காரர்களுக்கு நல்ல வசதிதான்.

தொல்லை டிவிக்குள் தொடங்கியது. மாடுலேட்டரில் குறித்த சேனலுக்கு ட்யூன் செய்ததும் படம் வந்தது. ஆனால் நிறமின்றி உருண்டுகொண்டே இருந்தது, பேச்சுக்குப் பதிலாக வெறும் இரைச்சல் கேட்டது. பெட்டியின் வீடியோ அமைப்பு அமெரிக்காவில் பழக்கத்திலிருந்த என்டிஎஸ்சி முறையில் இருப்பதைக் கண்டு, நம் நாட்டு டிவிகளுக்குரிய பிஏஎல் முறைக்கு மாற்றினேன். உடனே படம் நின்று வண்ணமும் வந்தது. இரைச்சலுக்குக் காரணம் மாடுலேட்டர்: படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரவேண்டிய ஒலியை அது 6.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி அனுப்பியது. அதன் ஒலி அமைப்பை 6.5-க்குரிய டி/கே என்பதிலிருந்து 5.5-க்குரிய பி/ஜி என்பதற்கு மாற்றியதும் பேச்சு தெளிவாயிற்று. கடைசியாகப் பழைய டிவித் திரையின் வடிவத்துக்கேற்ப, படத்தின் அகல-உயர விகிதத்தை 4:3 என வைத்தேன்.